படத்துக்காக ஏற்றிய நிறை

யாழ்ப்பாணத்தில் நான் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் வருகிற வெட்கங்களுக்கெல்லாம் இதுதான் அத்திவாரம். கழுத்தில் விசில், காலில் வெள்ளைச் சப்பாத்து, வயிற்றை உள்ளே இழுத்த நடை. மைதானத்தைச் சுற்றி ஓடுகிற பெடியன் ஒருவன் நின்று மூச்சு வாங்கினால், "என்னடா, உனக்கு முதல் உன்ரை கொப்பர் ஓடி முடிச்சிடுவார் போல கிடக்கு" என்று சொல்லிச் சிரிப்பேன். மற்றப் பெடியளும் சிரிப்பார்கள். சிரிக்காதவனும் ஓட வேண்டி வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த வாய்தான் எண்பத்தைந்தாம் ஆண்டு, ஜெர்மனியில் ஹனோவருக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், அகதி விடுதியின் படிக்கட்டு நடுவில் 'ஆ' என்று திறந்தபடி நின்றது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. எங்கள் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் படியின் நடுவில் நின்று, சுவரில் தொங்கிய மான்கொம்பை ரசிப்பது போலப் பாவனை செய்வேன். அந்த மான்கொம்பை என்னளவுக்குக் கவனித்தவன் அதைச் சுட்டவனாகக்கூட இருக்க மாட்டான்.

கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பப்பட்டு இந்த ஊருக்கு வந்த எங்கள் எல்லோருக்கும் இருமல் இருந்தது. ஆகவே என் இருமலும் குளிர் இருமல் என்று முடிவாகிவிட்டது. கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போக மறுத்தபோது, தேவாலயத்தில் தந்த சப்பாத்து சின்னது என்று சப்பாத்தைக் குறை சொன்னேன். வயிறு முன்னால் வந்தபோது பெருமைப்பட்டேன். என் அறையில் இருந்த, தம்பி என்று நான் கூப்பிடுகிற இளம் பெடியன், ஊரில் உழவு இயந்திரம் ஓட்டியவன், என்னை மேலும் கீழும் பார்த்து, "மாஸ்டர், வந்ததுக்கு இப்ப நல்லாய்க் கொழுத்திட்டியள்" என்றான். எங்கள் ஆட்களிடம் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. நானும் பெல்ட்டை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு, "எல்லாம் சாப்பாடுதான்" என்றேன்.

தலையணைக்குக் கீழே குளிர்ச் சட்டையை மடித்து வைத்துச் சாய்ந்தபடிதான் படுக்க முடிந்தது. அதற்கும் கட்டிலைத்தான் குறை சொன்னேன். கடைசியில் ஒருநாள் மான்கொம்புக்குக் கீழே நான் குந்திவிட்டேன். தம்பி அகதிகளுக்கு உதவிப்பணம் தருகிற சோசல் கந்தோருக்குப் போய், எனக்காக வைத்தியச் சீட்டை வாங்கிவந்து, ஊரின் ஒரே குடும்ப டொக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

டொக்டர் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண். அகலமான கைகள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. வீட்டின் கீழ்த்தளத்தில் மருத்துவம், மேல்தளத்தில் குடித்தனம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஆங்கிலம். அவருடையது மெதுவான ஓட்டை, என்னுடையது வேகமான ஓட்டை. நான் முந்திக்கொண்டு, உங்கள் நாட்டுச் சாப்பாடு நல்லது, நிறை கூடியிருக்கிறேன், இருமலுக்கு மட்டும் ஒரு மருந்து தந்தால் போதும் என்று விளக்கினேன். அவர் குனிந்து, என் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். விரலை எடுத்தபோது அங்கே ரொட்டிக்குக் குழைத்த மாவில் விழுவது போல ஒரு குழி விழுந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்புவதாக இல்லை.

"இது சாப்பாடு இல்லை, தண்ணீர்" என்றார் டொக்டர்.

நெஞ்சைக் கேட்டார், முதுகைத் தட்டினார், எக்ஸ்ரே படம் பிடிக்க அனுப்பினார். படம் வந்ததும் விளக்கில் மாட்டிக் காட்டினார். என் இருதயம் பெரிதாகித் தளர்ந்துவிட்டதாம். எப்போதோ வந்து போன காய்ச்சலாக இருக்கலாம், சரியாகச் சொல்ல முடியாது என்றார். தண்ணீர் இறைக்கிற பம்பி தேய்ந்து போனால் வயலுக்குப் போக வேண்டியது பின்னால் தேங்கி நிற்கும், அதுபோலத்தான் என்று தம்பிக்கு நான் மொழிபெயர்த்தேன். அவன் பம்பி தெரிந்தவன். "வாசர் மாத்தலாமோ எண்டு கேளுங்கோ மாஸ்டர்" என்றான்.

நான் அதைக் கேட்கவில்லை. எப்போது சுகமாகும் என்று கேட்டேன். ஒரு ஊசி, ஒரு போத்தல் மருந்து, ஒரு கிழமை ஓய்வு, இவ்வளவோடு முடிகிற காரியமாகத்தான் வருத்தங்களை நான் அறிந்திருந்தேன்.

"சுகமாகாது" என்றார். "நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இதைச் சமாளிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நீங்கள். ஒவ்வொரு கிழமையும் நான்."

எனக்குக் கோபம் வந்தது. டொக்டரின் வேலையில் பெரும்பங்கை என் தலையில் கட்டுகிறாரே என்ற கோபம். பெடியளை ஓடவிட்டுவிட்டு நான் நிழலில் நின்ற நாட்கள் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் தந்த வேலைகள் இவை. காலையில், தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக இறக்குகிற தண்ணீர்க் குளிசை. ஒரு பூச்செடியிலிருந்து எடுத்த சின்னக் குளிசை ஒன்று, அது இருதயத்துக்கு. தண்ணீர்க் குளிசை உடம்பிலுள்ள ஏதோ ஒரு சத்தையும் சேர்த்து இழுத்துப் போவதால் வாழைப்பழம். குடிப்பதெல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு சாடிக்கு மேல் போகக் கூடாது. உப்புக் கூடாது. தினமும் எழும்பியதும், கழிப்பறைக்குப் போய் வந்து, தேத்தண்ணி குடிக்க முதல் நிறை பார்க்க வேண்டும். திடீரென்று நிறை ஏறினால் அன்றைக்கே ஓடிவர வேண்டும். ஓடி வராதீர்கள், நடந்து வாருங்கள் என்று தானே திருத்திக்கொண்டார். மேலே போய், தன் குளியலறையிலிருந்த பழைய தராசு ஒன்றைக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தார். என் கையில் தரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நான் படியேறமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்தவர்களுக்கு நடுவில் உப்பில்லாமல் சாப்பிடுவது லேசான காரியமில்லை. குசினியில் முறை வைத்துச் சமைத்தோம். எனக்கென்று ஒரு கரண்டிக் கறியை உப்புப் போட முதல் எடுத்து வைப்பார்கள். பிறகு, "பாவம் மாஸ்டர்" என்று என் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு துண்டுக் கருவாட்டை வைப்பார்கள். அகதிகள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற சட்டத்தைத் தாண்டி, ஹம்பேர்க் ஸ்டேஷனடிக் கடையிலிருந்து யாரோ கொண்டுவந்த கருவாடு அது. அவ்வளவு பாடுபட்டு வந்த பொருளை மறுக்கலாமா? டொக்டர் உப்பைத்தான் வேண்டாம் என்றார், கருவாட்டின் பேரை எடுக்கவில்லை என்று நான் சட்டம் பேசினேன். தண்ணீரிலும் இதே கணக்குத்தான். எந்த அறைக்குள் போனாலும் தேத்தண்ணி தருவார்கள். குடிக்காமல் எழும்பினால் கோபித்துக்கொண்டார் என்று கதை வரும். தேத்தண்ணியைத் தண்ணீரில் சேர்ப்பதா இல்லையா என்பதை என் வசதிக்கு விட்டுவைத்திருந்தேன்.

இவ்வளவு திருகுதாளம் செய்தும் அந்தக் குளிசைகள் வேலை செய்தன. காலை முழுவதும் தாழ்வாரக் கழிப்பறையே என் முகவரியாக இருந்தது. தாழ்வாரத்தில் கால் மாற்றி நிற்கிறவர்கள், "மாஸ்டர், நாங்களும் அகதியள்தான்" என்று கதவைத் தட்டுவார்கள். கணுக்கால் எலும்பு பழைய சிநேகிதன் மாதிரித் திரும்பி வந்தது. தட்டையாகப் படுத்துத் தூங்கினேன். மான்கொம்பைப் பார்க்காமல் மாடிக்கு ஏறினேன். டொக்டர் கால் எலும்பை அழுத்திப் பார்த்து, குழி விழாததைக் கண்டு, "நல்லது, ஆசிரியரே" என்றார். எனக்கு மாணவனாக நின்று பாராட்டு வாங்கிய கூச்சம்.

அந்தச் சந்தோஷப் புளுகத்தில் ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தண்ணீர் வற்றியதும் எனக்குள்ளிருந்த உண்மையான ஆள் வெளியே வந்திருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கழுத்து எலும்பு இரண்டும் முன்னுக்குத் துருத்திக்கொண்டு. நன்றாக மூச்சு விடுகிறேன் என்ற சந்தோஷத்தில் நான் கண்ணாடியை ஒழுங்காகப் பார்க்கவில்லை. மூச்சு படத்தில் விழாது என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

சில கிழமைகளில் மனைவியிடமிருந்து கசெட் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் கடிதத்தைவிடக் கசெட்தான் பெரிது. தம்பியின் ரேப் ரெக்கோடரில் போட்டேன்.

"இஞ்சாருங்கோ, படம் கிடைச்சது. என்ன இப்பிடி வத்திப் போனியள்? பக்கத்து வீட்டு அக்கா பார்த்திட்டு, அங்க குடிச்சுக் கிடிச்சுத் திரியிறாரோ எண்டு கேக்கிறா. சயரோகமோ எண்டு வேறை ஆக்கள் கேக்கினம். நான் ஒண்டும் சொல்லேல்லை. சாப்பிடுங்கோ. எங்களை யோசியாதேங்கோ." இப்படியே போய் முடிந்தது. கடைசியில், தாய் எழும்பிப் போன பிறகு, என் மகளின் குரல் இரகசியமாகக் கேட்டது. "அப்பா, அம்மா உங்கட படத்தைப் பார்த்த நாள்தொட்டு செவ்வாயும் வெள்ளியும் ஒண்டும் சாப்பிடுறேல்லை. தண்ணி மட்டும்தான். நீங்கள் உடம்பு தேறி வரும்வரைக்கும் எண்டு அம்மனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறா. சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

என் வருத்தத்தைப் பற்றி வீட்டுக்கு ஒரு சொல்லும் நான் சொல்லியிருக்கவில்லை. குண்டுச் சத்தத்துக்குள் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவளுக்கு என் இருதயத்தின் அளவையும் சொல்ல வேண்டுமா? அவள் ஏற்கெனவே மெலிந்தவள். கிழமையில் இரண்டு நாள் வெறும் தண்ணீரோடு அவள் கிணற்றடியில் வாளி இழுத்துக்கொண்டிருப்பாள். அவளைச் சாப்பிட வைக்க வேண்டும், அதற்கு என் கன்னம் வீங்க வேண்டும். வழி என் கையிலேயே இருந்தது. கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். நான் டொக்டரின் சொல்லை மட்டுமில்லை, என் காலில் விழுந்த குழியையும் மறந்தேன்.

தண்ணீர்க் குளிசையை நிறுத்தினேன். பூச்செடிக் குளிசையை மட்டும் போட்டேன், ஏதோ அளவோடு தப்புச் செய்கிறவன் மாதிரி. வாழைப்பழத்தை மூன்றாக்கினேன், அதற்கும் நிறைக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் ஒரு முயற்சி. கருவாட்டுக்கு இனிச் சட்டம் பேச வேண்டியிருக்கவில்லை. அந்தக் கிழமை டொக்டர் லீவு எடுத்து மலைப் பக்கம் போயிருந்தார், அதுவும் வசதியாகப் போயிற்று.

தராசு அதற்குள் விடுதியின் பொதுச் சொத்தாகிவிட்டிருந்தது. காலையில் குளியலறை வாசலில் வரிசையாக நின்று ஏறிப் பார்ப்பார்கள். நிறை ஏறினவனுக்கு முதுகில் தட்டு, இறங்கினவனுக்கு ஒரு கரண்டிச் சோறு கூட. அந்த வரிசையில் நாளுக்கு நாள் நான் முன்னேறினேன். முள் நகர நகர, "மாஸ்டர் விடுறார் இல்லை" என்று பின்னால் சத்தம் கேட்கும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில்கூட நான் இப்படி வென்றதில்லை. மற்றவர்கள் மாதக் கணக்கில் ஏற்ற முடியாததை நான் சில நாட்களில் ஏற்றியது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, அவர்களுக்கு அது திறமையாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

தம்பிக்கு மட்டும் திட்டம் தெரியும். அவன் பயப்படவில்லை. "படம் எடுத்த கையோட குளிசையைப் போட்டிட்டால் சரிதானே மாஸ்டர்" என்றான். டீசலை வடித்துவிட்டுத் திரும்ப நிரப்புவது போல அவனுக்கு அது ஒரு சின்ன வேலை. முகம் வட்டமாகி, கண்ணுக்குக் கீழே மினுங்கத் தொடங்கியதும் படம் எடுக்கிற நாளைக் குறித்தோம். விடுதியில் ஒரு கோட் இருந்தது. யாருடையது என்று தெரியாது, ஊருக்குப் போகிற படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கோட்தான் நின்றது. அதைப் போட்டேன். முன்பு தொளதொளத்தது, இப்போது பொத்தான் பூட்ட மறுத்தது. அதைக் கண்டு அறையே கைதட்டியது. கீழே நின்ற யாரோ ஒருவரின் நீலக் காரில் சாய்ந்தேன். கால் சப்பாத்துக்குள் போகவில்லை, ஆகவே இடுப்புக்கு மேலே மட்டும் எடுக்கச் சொன்னேன். படம் நன்றாக வந்தது. பத்து வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டி மாதிரி இருந்தேன்.

படத்தோடு ஒரு கசெட்டும் பதிந்தேன். அறையில் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, விளையாட்டுப் போட்டி அறிவிப்பாளனின் குரலை வரவழைத்துக்கொண்டேன். நான் சுகம், சாப்பாடு கூடிப்போய்விட்டது, உடுப்பெல்லாம் இறுகுகிறது, குறைக்க வேண்டும் போல இருக்கிறது என்று பெருமையடித்தேன். வீட்டில் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதைப் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னேன், மகளைக் காட்டிக்கொடுக்காமல். போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. என் குரல் எனக்குத் தெரியாதா? அன்றைக்கே படத்தையும் கசெட்டையும் ஒன்றாகத் தபாலில் போட்டுவிட்டோம்.

மறுநாள் தண்ணீர்க் குளிசையைத் திரும்பப் போட்டேன். அது வேலை செய்யவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அவ்வளவு தண்ணீருக்கு முன்னால் அந்தச் சின்னக் குளிசை என்ன செய்யும்? கால் தொடைவரை இறுகியது. படுக்க ஏலவில்லை, குந்திக்கொண்டிருந்தேன். பேச வாயெடுத்தால் பாதியில் நின்றது. தம்பியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. டொக்டர் திரும்பிவிட்டார் என்று காலையில் கேள்விப்பட்டதும், என்னை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினான். விடுதிக் கட்டடம் முன்பு மதுச்சாலையாக இருந்தபோது பியர்ப் பெட்டிகளை ஏற்றி இறக்கிய வண்டி அது. ஊரின் பிரதான வீதியால் ஒரு முன்னாள் உடற்பயிற்சி ஆசிரியர் அதில் போனார்.

டொக்டர் என்னைக் கண்டதும் வழமையான வணக்கம் சொல்லவில்லை. நிமிர்த்தி இருத்தி, காலைத் தொங்கவிட்டு, கையில் நரம்பு தேடி ஊசி போட்டார். கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் என்னை வைத்துக்கொண்டார். பின்னேரத்துக்குள் தண்ணீர் இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன் என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தார்.

"குளிசை ஒழுங்காகப் போட்டீர்களா?"

"ஓம்" என்றேன்.

"இரண்டும்?"

"இரண்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியென்றால் உங்கள் இருதயம் நான் நினைத்ததைவிட வேகமாகப் பழுதாகிறது. இதைவிடக் கடுமையான மருந்துதான் இனி. அதுவும் எவ்வளவு காலம் உதவும் என்று எனக்குத் தெரியாது" என்றார். அவருடைய அகலமான கைகள் மடியில் கிடந்தன. அவர் என்னைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சோசல் கந்தோர்ச் சீட்டில் வருகிற ஓராள் என்றுதான் என்னை நானே நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன், மூச்சுத்தான் வந்தது.

கதவடியில் நின்ற தம்பிக்கு ஆங்கிலம் விளங்காது, டொக்டரின் முகம் விளங்கியது. அவரைத் தேற்ற வேண்டும் என்று நினைத்துவிட்டான். தனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தான். கையால் கன்னத்தை ஊதிக் காட்டினான். படமெடுக்கிற மாதிரி விரலைச் சொடுக்கினான். "ஃபோட்டோ" என்றான். "டாப்லெட் நைன். மாஸ்டர் டிக். ஃபிராவ் குட்." குளிசை இல்லை, மாஸ்டர் கொழுப்பு, பெண்சாதிக்குச் சந்தோஷம். என் முழுத் திட்டத்தையும் இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். மூச்சுக்கு இடையில் இடையில், வற்றிய படத்தைப் பற்றி, அயலவர்களைப் பற்றி, செவ்வாயையும் வெள்ளியையும் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் கொழுத்திருப்பது சுகம், மெலிந்திருப்பது வருத்தம் என்பதை விளக்கினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பி யன்னலடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. திரும்பியபோது கண் நனைந்திருந்தது, சிரிக்கவும் செய்தார்.

"உங்கள் மனைவி சாப்பிட வேண்டும் என்பதற்காக நீங்கள் இங்கே தண்ணீரில் மூழ்கியிருக்கிறீர்கள்" என்றார். "எனக்கு நல்ல செய்தி இது. உங்கள் இருதயத்தில் புதிய பழுது ஒன்றும் இல்லை. பழுது வேறு இடத்தில்." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

பின்னேரத்துக்குள் ஊசி வேலை செய்யத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பினேன். தன் காரில் என்னை விடுதிக்குக் கொண்டுவந்து விட்டார், தம்பி தள்ளுவண்டியோடு பின்னால் வந்தான். அதன் பிறகு தினமும் காலையில் அவரிடம் போய் அவர் கண் முன்னாலேயே தராசில் ஏற வேண்டியிருந்தது. குசினிக்கும் வந்தார். கருவாட்டை மணந்து பார்த்து, இது என்ன என்று கேட்டு, ஒரு துண்டை நாக்கில் வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். கருவாட்டைப் பற்றி அவர் பேரெடுத்து எதுவும் சொல்லவில்லை என்ற என் சட்டம் அன்றோடு செத்தது. தேத்தண்ணிக்கு ஒரு வழி அவரே சொன்னார். யார் தந்தாலும் வாங்குங்கள், சின்னக் கோப்பையில் வாங்குங்கள், பாதியைத் தம்பி குடிக்கட்டும் என்றார். தம்பி அன்றிலிருந்து நிறை ஏறத் தொடங்கினான்.

நான் மெலிந்துகொண்டிருந்தேன், என் கொழுத்த படம் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. அது போய்ச் சேர்ந்திருக்கும், அவள் சாப்பிடத் தொடங்கியிருப்பாள் என்று நாட்களை ஓட்டினேன். குற்றத்துக்குக் கூலியாவது கிடைத்ததே என்று ஒரு ஆறுதல். பதில் கசெட் வந்த அன்று தம்பியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போட்டேன்.

"இஞ்சாருங்கோ, படம் வந்தது. எல்லாருக்கும் காட்டினன். வெளிநாட்டுத் தண்ணி பிடிச்சிட்டுது எண்டு சொல்லிச் சந்தோசப்பட்டவை. பக்கத்து வீட்டு அக்கா இப்ப வாயே திறக்கேல்லை." தம்பி என் தொடையில் தட்டினான். நாடாவில் அவள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "கசெட்டை நான் ஒருத்தருக்கும் போட்டுக் காட்டேல்லை. பிள்ளையள் பள்ளிக்கூடம் போனாப் பிறகு தனிய இருந்து கேட்டனான். சுகமாய் இருக்கிறன் எண்டு சொல்லுறதுக்கு நடுவில நிண்டு மூச்சு எடுக்கிறியள். சாப்பாடு எண்டு சொல்லி எடுக்கிறியள். என்ரை பேரைச் சொல்ல முதலும் எடுக்கிறியள். பள்ளிக்கூடத்தில நிண்டு கூப்பிட்டால் வீட்டுக்குக் கேட்கிற குரல் உங்கட குரல். எனக்குத் தெரியாதோ?"

தம்பி எழும்பி யன்னலடிக்குப் போனான்.

"என்ன வருத்தம் எண்டு நீங்கள் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. செவ்வாயும் வெள்ளியும் விரதம், இனிச் சனிக்கிழமையையும் சேர்த்துப் பிடிக்கிறன். எனக்கு இந்தக் கோட் படம் வேண்டாம். மெலிஞ்சிருந்தால் மெலிஞ்ச படத்தை அனுப்புங்கோ. மூச்சு விடுற கசெட்டை அனுப்புங்கோ. அதைக் கேட்டாப் பிறகுதான் அந்த நாளுகளில இந்தப் பிள்ளையளோட சோத்துக் கோப்பைக்கு முன்னால இருப்பன்."

இரண்டு நாளை மிச்சம் பிடிக்கப் போய் மூன்றாவது நாளையும் அவள் தலையில் ஏற்றிவிட்ட கெட்டிக்காரன் நான். நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, தம்பியும் யன்னலைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் செய்தான்.

ஒருநாள் காலை டொக்டர் என் கால் எலும்பை அழுத்திப் பார்த்துவிட்டு, முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டு, "சுத்தம்" என்றார். அன்றைக்கு அந்த அறையிலேயே ஒரு படம் எடுத்துத் தரும்படி கேட்டேன். தராசில் நின்றேன், என் சொந்தச் சட்டையோடு, ஒட்டிய கன்னத்தோடு, கணுக்கால் எலும்பு தெரிய. டொக்டர் என் பக்கத்தில் வந்து நிற்கச் சம்மதித்தார். தம்பி எடுத்தான். படத்தில் அவர் கொழுத்தும் நான் வற்றியும் இருக்கிறோம், யார் யாரைப் பார்க்க வந்தது என்பதில் சந்தேகம் வராது.

பிறகு கசெட். என் வருத்தம் என்ன என்று முழுவதும் சொன்னேன், பெரிதான இருதயம், குளிசைகள், உப்பு, ஒரு சாடித் தண்ணீர், சுகமாகாது என்பது, சமாளிக்கலாம் என்பது. முடிவில் எழும்பி நின்று, மைதானத்தில் நின்ற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இப்ப கேள்" என்று சொல்லி ஒரே மூச்சில் எண்ணத் தொடங்கினேன். எது வரை எண்ணினேன் என்று சொல்ல மாட்டேன். என் பழைய மாணவர்கள் யாராவது இதை வாசிக்கக்கூடும். நடுவில் மூச்சு எடுக்கவில்லை, அது மட்டும் உண்மை.

அதற்கான பதில் வரும்வரை தினமும் தராசில் ஏறினேன், உப்பில்லாமல் சாப்பிட்டேன், ஒருமுறைகூடச் சட்டம் பேசவில்லை. கசெட் வந்தது. போட்டதும் குரல் இல்லை. ஒரு காகம் கரைந்தது. சாப்பாட்டுக் கோப்பையொன்றை நிலத்தில் வைக்கிற சத்தம். விரல் கோப்பையில் உரசுகிற சத்தம். பிறகு மெல்லுகிற சத்தம், அவசரமில்லாமல், ஆறுதலாக. அது நின்று அவள் பேசினாள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை காலமை. புட்டும் சம்பலும். அம்மனிட்டை மன்னிப்புக் கேட்டிட்டன். சாப்பிடுறன், கேட்குதோ?"

"ஓம், கேட்குது" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். அவள் அடுத்த பிடியை எடுத்தாள்.